அந்தக் கதையில் நான் யார்?

கதை படித்துக்கொண்டிருக்கிறீர்கள். சுவாரஸ்யமான கட்டம். திடீரென்று புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அட, இவள் அப்படியே எங்கள் நாத்தனார்!" என்று சொல்லிச் சிரித்ததுண்டா நீங்கள்?

இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். கதை படிக்கிற பெண்களில் இதைச் சொல்லாதவர் யார்? கதையில் வருகிற கஞ்சன் நம் எதிர்வீட்டுக்காரர். வம்பு பேசுகிறவள் மாடிப் போர்ஷன் மாமி. பெருமை அடித்துக்கொள்கிறவள் சம்பந்தியம்மாள். பொறுமையும் புத்தியும் நல்ல மனமும் உள்ள கதாநாயகி மட்டும் யார் என்று நாம் வெளியே சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம். அது நாம்தான் என்பது நமக்கே தெரியும்!

நான் சிறுமியாக இருந்த நாளில் கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் தொடர்கதையை உரக்கப் படிக்கும் உத்தியோகம் எனக்குத்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்கள் ஒழித்துப் போட்டதும், பாட்டி கூடத்தில் தூணோரமாகச் சாய்ந்துகொள்வாள். அம்மா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். அப்போது ஒரு கதை வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கடுகடுத்த மாமியார். ஒரு வாய்த்துடுக்கான மருமகள். மருமகள் எதிர்த்துப் பேசுகிற இடம் வந்தால் பாட்டி பெருமூச்சு விட்டு, "இப்படியும் இருக்கத்தான் இருக்கிறார்கள்" என்று சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். மாமியார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சர்க்கரையை அளந்து கொடுக்கிற இடம் வந்தால் அம்மா, "நிறுத்தாதே, நன்றாக உரக்கப் படி" என்பாள். கதை முடிகிற வரையில் இருவருக்கும் பரம திருப்தி. ஆசிரியர் எதிராளியை எவ்வளவு சரியாகப் படம் பிடித்துவிட்டார் என்று இருவரும் மெச்சிக்கொண்டார்கள்!

புத்தகம் ஒரு கண்ணாடி என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நம்மில் பலர் அந்தக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து அடுத்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைத் திருப்பி நம் முகத்துக்கு நேரே பிடிப்பது அவ்வளவு எளிதான காரியமா என்ன?

நெஞ்சைத் தொட்டுக் காட்டியவர்

இங்கிலாந்தில் ஜார்ஜ் மெரிடித் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். 1879-ஆம் வருஷம் அவர் எழுதிய ஒரு நாவலுக்கு 'தி ஈகோயிஸ்ட்' என்று பெயர். தன்னைத் தவிர உலகத்தில் வேறு யாரையும் நினைக்கத் தெரியாத வில்லோபி என்ற பணக்கார வாலிபனின் கதை. அது வெளிவந்ததும் ஆசிரியரின் இளம் நண்பர் ஒருவர் மிகுந்த மனவேதனையோடு அவரிடம் வந்தாராம். என்னையே கதையில் போட்டுவிட்டீர்களே, இது நியாயமா என்று முறையிட்டாராம். வில்லோபி தனி ஒருவர் அல்ல, நாம் எல்லோருமே அவன்தான் என்று மெரிடித் பதில் சொன்னாராம். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் 1887-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைச் சொல்லிவிட்டு, அந்த நாவலைத் தாமும் ஐந்தாறு தடவை படித்திருப்பதாகவும் மறுபடி படிக்கப் போவதாகவும் ஒப்புக்கொள்கிறார்.

அந்த நண்பரை நினைத்தால் எனக்கு மரியாதை உண்டாகிறது. வில்லோபியைப் பார்த்து, "இவன் அப்படியே என் மைத்துனன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே!

இன்னொரு சம்பவம். ஜார்ஜ் எலியட் என்பது ஓர் அம்மையாரின் புனைபெயர். 1871, 1872-ஆம் வருஷங்களில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த அவருடைய 'மிடில்மார்ச்' என்ற நாவலில் கஸாபன் என்று ஒரு வறட்டுப் பண்டிதர் வருகிறார். ஒருநாளும் முடியாத பெரிய புத்தகத்துக்குக் குறிப்பு எடுத்தே ஆயுளைக் கழித்து, இளம் மனைவியின் வாழ்க்கையையும் உலர்த்திவிடுகிறவர். இந்தப் பாத்திரத்தை யாரைப் பார்த்துப் படைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, அம்மையார் ஊரில் எந்தப் பண்டிதரின் பெயரையும் சொல்லவில்லை. பேசாமல் தம்முடைய நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் என்று சொல்வார்கள்.

எழுதினவருக்கே கதையில் தம் முகம் தெரிகிறது. படிக்கிற நமக்கு மட்டும் தெரியாமல் போவதேன்?

எனக்கும் வெகுநாள் தெரியாமல்தான் இருந்தது. தெரியவைத்தது ஒரு நாவல். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கதை பிறகு வரும்.

எம்மாவும் பேட்ஸ் அம்மாளும்

ஜேன் ஆஸ்டின் அம்மையார் எழுதிய 'எம்மா' 1815-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் மூன்று பாகங்களாக வெளிவந்தது. புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது. முந்தைய நாவலான 'பிரைட் அண்டு பிரெஜுடிஸ்' எழுதிய ஆசிரியர் எழுதியது என்று மட்டுமே போட்டிருந்தது.

லண்டனிலிருந்து பதினாறு மைல் தொலைவில் ஹைபரி என்று ஒரு கற்பனை ஊர். அந்த ஊரின் பெரிய வீட்டுப் பெண் எம்மா. வயது இருபத்தொன்று நிறையப் போகிறது. அழகு, செல்வம், சாமர்த்தியம் எல்லாம் உண்டு. தாயார் சிறு வயதிலேயே போய்விட்டாள். தகப்பனார் சாது; காற்றடித்தால் ஜலதோஷம், கேக் தின்றால் அஜீர்ணம் என்று எப்போதும் பயந்துகொண்டிருப்பவர். ஆகவே வீட்டில் எம்மா வைத்ததுதான் சட்டம். ஊரில் யார் யாரை மணந்துகொள்ளவேண்டும் என்று தீர்மானிப்பதும் தன் பொறுப்பு என்று நினைத்துக்கொள்கிறாள். ஹாரியட் என்ற அப்பாவிப் பெண்ணைத் தோழியாக்கிக்கொண்டு, அவளை விரும்பிய நல்ல விவசாயியை வேண்டாம் என்று சொல்லவைக்கிறாள். ஊர்ப் பாதிரியாருக்கு அவளைக் கட்டிவைக்கப் பார்க்கிறாள். கடைசியில் பாதிரியார் எம்மாவிடமே வந்து தம் காதலைச் சொல்லி நிற்கிறார்!

இதெல்லாம் சிரிப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கிடையில் அந்த ஊரில் மிஸ் பேட்ஸ் என்று ஒரு நடுத்தர வயது அம்மாள். கல்யாணம் ஆகாதவள். ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பாதிரியாராக இருந்தவரின் பெண். தகப்பனார் காலத்தில் வீட்டுக்கு இருந்த மதிப்பே வேறு. இப்போது வயதான தாயாருடன் ஒரு வீட்டின் மாடியில் சொற்ப வருமானத்தில் காலம் தள்ளுகிறாள். ரொம்ப நல்லவள். எல்லோரிடத்திலும் நன்றி, எல்லாவற்றிலும் சந்தோஷம். ஒரே ஒரு குறை: வாய் ஓயாது. மூக்குக் கண்ணாடியின் ஆணி கழன்றதிலிருந்து சுட்ட ஆப்பிள் வரையில், ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் பேசிக்கொண்டே போவாள். கேட்கிறவர்கள் நெளிவார்கள்.

எம்மா அவளுக்கு உதவி செய்யாதவள் அல்ல. தன் வீட்டில் நல்ல இறைச்சி கிடைத்தால் பெரிய பங்காகவே அனுப்பிவைப்பாள். ஆனால் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்க மட்டும் மனம் வராது. கொடுப்பது எளிது, காது கொடுப்பதுதான் கஷ்டம்.

கோடைக்காலத்தில் ஒருநாள் ஊர்ப் பிரமுகர்கள் ஏழு மைல் தள்ளி இருக்கும் பாக்ஸ் ஹில் என்ற குன்றுக்கு உல்லாசப் பிரயாணம் போகிறார்கள். வெயில்; அலுப்பு; ஒருவருக்கொருவர் ஒட்டவில்லை. பொழுது போவதற்காக ஒரு வாலிபன் ஒரு விளையாட்டுச் சொல்கிறான். ஒவ்வொருவரும் மிகச் சாமர்த்தியமான பேச்சு ஒன்று பேசவேண்டும். அல்லது சுமாரான பேச்சு இரண்டு. அல்லது படு மந்தமான பேச்சு மூன்று. மிஸ் பேட்ஸ் கள்ளங்கபடில்லாமல், தான் வாயைத் திறந்தாலே மந்தமான பேச்சு மூன்று வந்துவிடும் என்று தன்னையே கேலி செய்துகொள்கிறாள். எம்மாவால் நாக்கை அடக்க முடியவில்லை. மூன்றோடு நிறுத்திக்கொள்ள உங்களால் ஆகாதே என்ற அர்த்தத்தில், மிகவும் மரியாதையான குரலில், எல்லோர் முன்னிலும் ஒரு குத்தல் போடுகிறாள்.

அந்த அம்மாளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவக்கிறது. கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலையே! தான் அவ்வளவு தொந்தரவாக இருக்கிறோம் போலிருக்கிறது, இல்லாவிட்டால் பழைய சிநேகிதி இப்படிச் சொல்லியிருக்கமாட்டாள், வாயை அடக்கிக்கொள்ளப் பார்க்கிறேன் என்கிறாள்.

சிரித்தது யார்?

இங்கேதான், சகோதரி, ஆசிரியரின் பெரிய சூழ்ச்சி இருக்கிறது. எம்மா அந்தக் குத்தலைப் போட்டபோது நாமும் சிரிக்கிறோம்! ஏன் என்றால் அதற்கு முன்னால் பக்கம் பக்கமாக அந்த அம்மாளின் தொணதொணப்பை ஆசிரியர் நம்மையும் கேட்க வைத்திருக்கிறார். நாமும் அலுத்துப் போய், சில வரிகளைத் தாண்டிக்கூடப் படித்திருப்போம். கதை முழுவதும் ஏறக்குறைய எம்மாவின் கண் வழியாகவே நடக்கிறது. அவளுக்கு யாரைக் கண்டால் அலுக்கிறதோ அவரைக் கண்டால் நமக்கும் அலுக்கிறது. ஆகவே அந்த வார்த்தை எம்மாவின் வாயிலிருந்து விழுந்தாலும், அது நம் மனத்திலும் தயாராக இருந்த வார்த்தைதான்.

சிரித்து முடிப்பதற்குள் நைட்லி வருகிறார். எம்மாவின் அக்காள் கணவருக்கு அண்ணன். அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். அவளிடம் குற்றம் கண்டால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. வண்டி வரும் வரையில் தனியாக நின்று பேசுகிறார். அவளும் உன்னைப் போல் பணக்காரியாக இருந்தால் உன் கேலியை நான் பெரிதாக எண்ணமாட்டேன். ஆனால் அவள் ஏழை. இருந்த நிலையிலிருந்து இறங்கினவள். இன்னும் இறங்கப் போகிறவள். உன்னைக் குழந்தையிலிருந்து பார்த்தவள். அவளை நீ எப்படி நடத்துகிறாயோ அப்படித்தான் அங்கே இருந்த மற்றவர்களும் நடத்துவார்கள். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

எம்மாவுக்குப் பதில் வரவில்லை. வண்டி கிளம்பிவிடுகிறது. பக்கத்தில் ஹாரியட் உட்கார்ந்திருக்க, வீடு வரும் வரையில் எம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தக் கண்ணீரில் நமக்கும் பங்கு உண்டு. சிரிப்பில் பங்கு வாங்கிக்கொண்டோமே!

இதையே ஒரு மாமியாரோ கணவரோ நம்மிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம்? "நீங்கள் மட்டும் அன்றைக்கு அப்படிப் பேசவில்லையா?" என்று பதிலுக்கு ஒரு ஜாபிதாவை எடுத்து நீட்டியிருப்போம். உபந்நியாசத்தில் கேட்டிருந்தால், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அர்த்தத்தோடு தலையை ஆட்டியிருப்போம். நாவலுக்கோ நம் பெயர் தெரியாது. அது நம்மைக் குற்றம் சாட்டவில்லை. வேறு யாரையோ பற்றிப் பேசிக்கொண்டே இருந்து, முதலில் நம்மைச் சிரிக்க வைத்து, பிறகு சிரித்தது யார் என்று மெதுவாகக் கேட்கிறது. சண்டை போட அங்கே எதிராளி இல்லை. ராத்திரி விளக்கடியில் நாமும் நம் மனசாட்சியும்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை எழுதின ஜேன் ஆஸ்டின் யார்? அவரும் ஒரு பாதிரியாரின் பெண், கல்யாணம் ஆகாதவர். 1805-ல் தகப்பனார் காலமான பிறகு தாயாரும் அக்காள் கஸாண்ட்ராவும் அவரும் சகோதரர்களின் ஆதரவில் இருக்கவேண்டியிருந்தது. 1809-லிருந்து சாட்டன் என்ற கிராமத்தில், ஒரு சகோதரர் கொடுத்த வீட்டில் குடியிருந்தார். அங்கேதான் 1814 ஜனவரியிலிருந்து 1815 மார்ச் வரை 'எம்மா'வை எழுதினார். வயதான தாயாருடன், சொந்த வருமானம் சொற்பமாக வாழ்ந்த கல்யாணமாகாத பெண்மணி அவர். ஊரார் கண்ணுக்கு அவரும் ஒரு மிஸ் பேட்ஸாகத்தானே தெரிந்திருப்பார்? ஆனாலும் மற்றவர்களை நோக்கிக் கேலியாகச் சிரிக்கும் எம்மாவின் நாக்கும் அவரிடம் நிறையவே இருந்தது. அவருடைய கடிதங்களைப் படித்தவர்களுக்கு அது தெரியும். இரண்டு பக்கத்தையும் அறிந்த கை எழுதின காட்சி அது. 1817-ல் தமது 41-ஆவது வயதில் அவர் காலமானார். நாவல் 200 வருஷங்களைத் தாண்டியும் நிற்கிறது.

என் பாக்ஸ் ஹில்

இனி என் கதை.

எங்கள் அத்தைக்குக் குழந்தைகள் இல்லை. மாமா போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். வடாம் பிழிவதிலிருந்து குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்ப்பது வரை அவள் கை படாத காரியம் கிடையாது. அவளுக்கு ஒரே ஒரு கதை உண்டு. 1949-ல் மாமாவோடு காசிக்குப் போன கதை. கும்பகோணம் ஸ்டேஷனில் ரயில் ஏறியதிலிருந்து ஆரம்பிப்பாள். விழுப்புரத்தில் மாமா கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்கினது, வண்டி நகர்ந்துவிட்டது, அவர் ஓடிவந்து ஏதோ ஒரு பெட்டியில் தொற்றிக்கொண்டது, அது தெரியாமல் இவள் அடுத்த ஸ்டேஷன் வரை அழுதது, எல்லாம் விஸ்தாரமாக வரும். அதற்குள் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார். இன்னொருவருக்கு அடுப்பில் வேலை வந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த வண்டி விழுப்புரத்தைத் தாண்டினதே கிடையாது.

1972-ல் என் சித்தப்பா பெண்ணின் கல்யாணம். எனக்கு வயது பத்தொன்பது. கல்லூரியில் படிக்கிற பெண், வாய் சாமர்த்தியம் உள்ளவள் என்று எனக்குப் பெயர். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் காசியாத்திரைச் சடங்கைப் பற்றி ஏதோ கேட்டார். காசி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்கள் கும்பகோணத்திலே வண்டி ஏறினபோது..." என்று ஆரம்பித்தாள்.

"அத்தை, வண்டி விழுப்புரத்தை விட்டு நகர்வதற்குள் மாப்பிள்ளை தாலியே கட்டிவிடுவார்!" என்றேன் நான்.

பந்தல் அதிரச் சிரித்தார்கள். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கையில் இருந்த சரத்தை முடித்துக் கீழே வைத்துவிட்டு, "பால் பொங்கப் போகிறது, பார்த்துவிட்டு வருகிறேன்" என்று எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் அப்போது பால் இல்லை.

அது எனக்குத் தெரியும். தெரிந்தும், பேச்சு எவ்வளவு பிரமாதமாக எடுபட்டது என்ற சந்தோஷத்தில் அதை ஒதுக்கித் தள்ளினேன். அதன் பிறகு அத்தை என் எதிரில் காசிப் பேச்சை எடுக்கவே இல்லை. அதையும் நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்கு என் கையால் புடவை எடுத்துக் கொடுத்தேன். என்னைப் போல் அத்தையைக் கவனித்துக்கொள்கிறவர்கள் யார் என்று பெருமை வேறு!

1979-ல், கல்யாணமாகிச் சென்னையில் இருந்தபோது, ஜுரத்தில் ஒரு வாரம் படுத்திருந்தேன். என் கணவர் நூலகத்திலிருந்து 'எம்மா'வைக் கொண்டுவந்து கொடுத்தார். பாக்ஸ் ஹில் கட்டத்தில், அந்த மூன்று மந்தமான பேச்சைப் பற்றிய குத்தலைப் படித்ததும் நான் வாய்விட்டுச் சிரித்தேன். "என்ன அவ்வளவு வேடிக்கை?" என்று அவர் கேட்டார். சொல்ல வாயெடுத்தேன். கண் தானாக அடுத்த பத்திக்கு ஓடியது. அந்த அம்மாளின் முகம் சிவந்த இடம். அவள் முகத்துக்குப் பதிலாக, பூச்சரத்தைக் கீழே வைத்த ஒரு கை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

இல்லாத பால் ஒன்று ஏழு வருஷங்களுக்குப் பிறகு பொங்கியது.

அன்று இரவு நான் தூங்கவில்லை. எத்தனை சமாதானம் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? சின்ன வயது, விளையாட்டுப் பேச்சு, அத்தையும்தானே சிரித்தாள், எல்லோரும் கேலி செய்கிறதுதானே? எம்மாவும் இதையேதான் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கு அவ்வளவாகப் புரிந்திருக்காது என்றுகூடச் சொன்னாள். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. என் சால்ஜாப்புகள்கூட அச்சாகி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தன!

மறுநாள் காலை

எம்மா அழுததோடு கதை நின்றிருந்தால் அதில் பெரிய பயன் இல்லை. அழுவது சுகமான காரியம். அழுதுவிட்டால் பாவம் கழிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆஸ்டின் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அன்று மாலை எம்மா தகப்பனாருடன் பகடை உருட்டி விளையாடியபடியே யோசிக்கிறாள். மறுநாள் காலையில் சீக்கிரமே கிளம்பி மிஸ் பேட்ஸ் வீட்டு மாடிப்படி ஏறுகிறாள். மன்னிப்புப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. உட்காருகிறாள்; கேட்கிறாள். அவ்வளவுதான். அவள் போய் வந்ததை அறிந்த நைட்லியும் ஒரு வார்த்தை புகழவில்லை. அவள் கையை எடுத்துப் பிடித்துக்கொள்கிறார்.

எனக்கு மறுநாள் காலை கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. மே மாதம் குழந்தையோடு ஊருக்குப் போனேன். எம்மா இறைச்சி அனுப்பினாளே, அதுபோல் நானும் ஒரு கூடை பங்கனப்பள்ளி மாம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அத்தை முகர்ந்து பார்த்து, "நல்ல வாசனை" என்று சொல்லிக் குழந்தைகளுக்கு நறுக்கிப் போட்டாள். வழக்கம் போல் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அத்தைக்கு மாம்பழம் பிடிக்காது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் பங்குக்காக நாங்கள் அடித்துக்கொள்வோம்.

மத்தியானம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத்தை, காசிக்குப் போன கதையைச் சொல்லுங்கள்."

"அதெல்லாம் எதற்கு இப்போது? உனக்குத்தான் தெரியுமே."

"எனக்கு விழுப்புரம் வரையில்தான் தெரியும், அத்தை."

அத்தை என்னை ஒரு கணம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். அன்றுதான் வண்டி விழுப்புரத்தைத் தாண்டியது, எழும்பூர் வந்தது, வடக்கே போயிற்று. காசியில் கங்கைக்கரையில் புரோகிதர் ஆளுக்கு ஒரு காயும் பழமும் விட்டுவிடச் சொன்னாராம். பிடித்ததைத்தான் விடவேண்டும் என்பது வழக்கம். மாமா யோசிக்காமல், "பாகற்காயை விட்டேன்" என்றாராம். "ஜன்மத்தில் அவர் பாகற்காயைத் தொட்டதில்லை. கங்கையையே ஏமாற்றின மனிதர்!" என்று அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"நீங்கள் எதை விட்டீர்கள், அத்தை?"

"நானா? எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதானே, கண்ணு. மாம்பழம்தான்."

நான் கூடையைப் பார்த்தேன்.

முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளைப் பற்றி எங்களுக்கு இது தெரியவில்லை. அவள் மறைத்து வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் ஆரம்பித்தாள். நாங்கள்தான் வண்டியைப் போக விடவில்லை.

ஒரு பெயர், ஒரு நாள், ஒரு வார்த்தை

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். ஒரு நாவலைப் படித்து முடித்ததும் "நான் ரொம்பப் பொல்லாதவள்" என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. அது அடக்கம் மாதிரி தோன்றும்; உண்மையில் தப்பித்துக்கொள்ளும் வழி. நேர்மையான சோதனைக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு நாள் வேண்டும், அன்று நாம் சொன்ன ஒரு வார்த்தை வேண்டும். அந்த மூன்றும் நினைவுக்கு வந்தால் கண்ணாடி சரியாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே தேடுவது என்று கேட்கிறீர்களா? கதையில் நீங்கள் அழுத இடத்தில் தேடாதீர்கள். அழும்போது நாம் எப்போதும் நல்லவர்கள். நீங்கள் சிரித்த இடத்தில் தேடுங்கள். "நன்றாக வேண்டும்!" என்று திருப்தி அடைந்த இடத்தில் தேடுங்கள். அலுப்புத் தட்டிப் பக்கத்தைத் தள்ளிய இடத்தில், எந்தப் பாத்திரம் பேச வந்தபோது தள்ளினீர்கள் என்று திரும்பிப் பாருங்கள்.

எல்லாக் கதையிலும் இப்படித் தேடவேண்டும் என்று சொல்லவில்லை. கதை படிப்பது முதலில் சந்தோஷத்துக்காகத்தான். அதைப் பரீட்சைப் பாடம் ஆக்கிவிட்டால் யார் படிப்பார்கள்? இந்த இதழின் தொடர்கதையையும் வழக்கம் போலவே, அடுப்பில் குழம்பு கொதிக்கிறதை மறந்து படியுங்கள். நாத்தனாரையும் அதில் கண்டுபிடியுங்கள், தோஷமில்லை. படித்து முடித்துவிட்டு, விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிஷம் இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதே கதையை என் நாத்தனார் படித்தால், எந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பெயரைச் சொல்வாள்?

அத்தை இப்போது இல்லை. ஒவ்வொரு கோடையிலும் முதல் மாம்பழத்தை நறுக்கும்போது என் கை சற்று நிற்கும்.

உங்கள் வீட்டிலும் விழுப்புரத்திலேயே நின்றுபோன வண்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கொஞ்சம் நகர விடுங்கள். காசியில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியவேண்டாமா?